நீங்க எந்தக் கட்சி, டீச்சர்?

2019 டிசம்பர் கடைசி வாரம், ஊரக உள்ளாட்சித் தேர்தல். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் எனக்கு வாக்குச்சாவடி வேலை போட்டிருந்தார்கள். மேஜை மேல் நாலு நிறத்தில் சீட்டுக் கட்டுகள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஒவ்வொருவருக்கும் நாலையும் மடித்துக் கொடுத்து, ரப்பர் முத்திரையை எப்படிக் குத்துவது, எப்படி மடிப்பது என்று சொல்லிச் சொல்லிப் பத்து மணிக்கெல்லாம் தொண்டை கட்டிவிட்டது.

ஒரு ஆயா வந்தார். எண்பது வயது இருக்கும். சீட்டுகளை வாங்கிக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனவர் வரவே இல்லை. வரிசையில் முணுமுணுப்பு. கொஞ்ச நேரம் கழித்து இளஞ்சிவப்புச் சீட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"டீச்சர், இதுல ரெட்ட எலை இல்லியே. அச்சடிக்க மறந்துட்டாங்களா?"

"அதுல கட்சிச் சின்னம் வராது ஆயா. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு மெம்பருக்கும் கட்சி கிடையாது. ஆளைப் பாத்துப் போடணும்."

"ஆளு யாருன்னு தெரியும்மா. நான் தூக்கி வளத்த புள்ளதான். அவன் இதுல எங்க இருக்கான்னுதான் தெரியல."

அவருக்குப் படிக்கத் தெரியாது. தூக்கி வளர்த்த பிள்ளை அந்தச் சீட்டில் பூட்டு சாவியாக இருந்தானா, ஆட்டோவாக இருந்தானா, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லக் கூடாது. தலைமை அலுவலர் வந்து, முடிந்த மட்டும் சொல்லிப் புரியவைத்து அனுப்பினார். ஆயா மறுபடி உள்ளே போய் எதிலோ குத்திவிட்டு வந்து பெட்டியில் போட்டார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பெட்டிகளுக்குச் சீல் வைக்கிற நேரத்தில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்திருந்த ஒரு பையன் கேட்டான். "நீங்க எந்தக் கட்சி, டீச்சர்?"

"அரசு ஊழியருக்குக் கட்சி கிடையாது தம்பி" என்றேன். நடத்தை விதிகளில் அப்படித்தான் இருக்கிறது. எந்தக் கட்சியிலும் உறுப்பினராகக் கூடாது.

"அது சரி டீச்சர். வீட்டுல?"

அந்த "வீட்டுல" என்ற ஒரு சொல்தான் இந்தக் கட்டுரை. பையனுக்குத் தெரிந்திருக்கிறது, கட்சி என்பது ஆளுக்கு இருப்பதற்கு முன்னால் வீட்டுக்கு இருக்கிறது. மக்கள் ஏன் ஒரு கட்சியில் இருக்கிறார்கள், சிலர் ஏன் எதிலும் சேராமல் இருக்கிறார்கள் என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். டிவியில் பேசுகிறவர்கள் கொள்கை என்பார்கள், இல்லாவிட்டால் காசு என்பார்கள், இல்லாவிட்டால் சாதி என்பார்கள். மூன்றும் உண்மைதான். ஆனால் என் வீட்டு ஆட்களை எடுத்துப் பார்த்தால் அந்த மூன்றுக்குள் யாரும் முழுசாக அடங்க மாட்டேன் என்கிறார்கள்.

என் தாத்தா தையற்காரர். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், கடைத்தெருவில் ஒரு கீற்றுக் கொட்டகை, அதற்குள் ஒரு சிங்கர் மெஷின். 1949 செப்டம்பர் 17 அன்று சென்னையில் திமுக தொடங்கியபோது தாத்தாவுக்கு இருபத்து நாலு வயது. சென்னையையே பார்த்ததில்லை. மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அடுத்த சில வருஷத்தில் கடைக்கு எதிரே கட்சிக்காரப் பையன்கள் ஒரு படிப்பகம் போட்டார்கள். ஒரு பெஞ்சு, நாலைந்து பத்திரிகை, அவ்வளவுதான். ஒருத்தர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். தாத்தா மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பாராம். கொஞ்ச நாளில் காஜா எடுக்கிற பையனிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். விட்டுப்போன படிப்பை எழுத்துக் கூட்டிப் பிடித்தது அந்த பெஞ்சில்தான். அப்புறம் ஒரு நாள், வழக்கமாகப் படிக்கிறவர் வரவில்லை, தாத்தா படித்தார், மற்றவர்கள் கேட்டார்கள். "பெரிய வீட்டு ஆளு ஒருத்தரு அந்தப் பக்கம் போனவரு, நின்னு கேட்டுட்டுப் போனாரு" என்று தாத்தா சொல்வதை நான் சின்ன வயதில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "நின்னு" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். தான் உட்கார்ந்திருக்க, பெரிய வீட்டு ஆள் நின்றார். கடைசி வரை தாத்தா உதயசூரியன்.

தாத்தாவுக்குக் கொள்கை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். மொழி பற்றியும் சுயமரியாதை பற்றியும் மணிக்கணக்கில் பேசக்கூடியவர். ஆனால் அந்தக் கொள்கை அவருக்குள் வந்த வாசல் அந்த பெஞ்சுதான். 1957ல் கட்சி முதன்முதலாகத் தேர்தலில் நின்று 15 இடம் பிடித்தது. அப்போது அங்கீகாரம் இல்லாததால் தேர்தல் ஆணையக் கணக்கில் அந்த 15 பேரும் சுயேச்சைகள்தான். 1967ல் ஆட்சியையே பிடித்தபோது தாத்தா ராத்திரி பகலாகக் கொடி தைத்தார். மேலே கறுப்பு, கீழே சிவப்பு, சரிபாதி, அரை விரற்கடை கூடக் குறைய இருக்கக் கூடாது. விருதுநகரில் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார் என்று தெரிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டாராம். "ஜெயிச்சது சந்தோஷம். அவரு தோத்தது சந்தோஷம் இல்ல" என்பார். ஒரு கட்சியில் இருப்பதென்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று நினைக்கிறவர்களுக்கு நான் தாத்தாவைத்தான் காட்டுவேன்.

அப்பா கதை வேறு மாதிரி. 1972ல் அவருக்கு இருபத்திரண்டு. எம்.ஜி.ஆர். மன்றத்தில் செயலாளர். வீட்டில் அவர் சொல்கிறதை யாரும் கேட்க மாட்டார்கள், மன்றத்தில் முப்பது பேர் கேட்பார்கள். எம்.ஜி.ஆரைக் கட்சியை விட்டு நீக்கி, அக்டோபர் 17 அன்று அவர் அண்ணா திமுகவைத் தொடங்கியதும் மன்றத்துப் பலகையே கட்சிப் பலகை ஆனது. யோசித்துப் பாருங்கள், ஒரு கட்சி இரண்டாகிறபோது ஒவ்வொரு ஊரிலும் புதிதாக ஒரு கிளைச் செயலாளர், ஒரு பொருளாளர், நாலு பிரதிநிதிகள் தேவைப்படுகிறார்கள். பழைய கட்சியில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் கை கட்டி நின்ற பையன்களுக்கு ஒரே மாதத்தில் உட்கார இடம் கிடைத்தது. தாத்தாவுக்கு பெஞ்சு என்றால் அப்பாவுக்கு நாற்காலி.

புதுக் கொடி தைக்க வேண்டும். ஊரில் இருந்த ஒரே தையற்காரர் தாத்தா. அப்பா கறுப்புத் துணியும் சிவப்புத் துணியும் வாங்கிக்கொண்டு போய், மகனாக இல்லாமல் வாடிக்கையாளராக, கடைக்கு வெளியில் நின்று கொடுத்திருக்கிறார். அளவெல்லாம் அதே அளவு. நடுவில் மட்டும் அண்ணா படம், கையை நீட்டிக்கொண்டு, பெயிண்டர் வரைந்து கொடுத்த துணி. தாத்தா ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தைக்க மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அதில் இருந்தது அண்ணா. தைத்துக் கொடுத்தார், கூலியும் வாங்கினார். ஆனால் பொங்கல் வரைக்கும் அப்பாவோடு பேசவில்லை. பாட்டிதான் நடுவில் இருந்து, "அவன் சாப்ட்டானான்னு கேளு", "சாப்ட்டேன்னு சொல்லு" என்று இரண்டு பக்கமும் தூது போனார்.

1982ல் சத்துணவுத் திட்டம் வந்தபோது எனக்கு எட்டு வயது. அது பற்றித் தாத்தா நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக எனக்கு அலுமினியத் தட்டு வாங்கிக் கொடுத்தது அவர்தான். பின்பக்கம் ஆணியால் என் பெயரைப் பொறித்துக் கொடுத்தார்.

அப்பாவின் கட்சிப் பற்றுக்கு வந்த பெரிய சோதனை 1989 ஜனவரித் தேர்தல். எம்.ஜி.ஆர். இறந்து ஒரு வருஷம். கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டாகி, இரட்டை இலையை முடக்கிவிட்டார்கள். ஒரு அணிக்கு இரட்டைப் புறா, இன்னொன்றுக்குச் சேவல். அப்பா ஓட்டுப் போடப் போவதற்கு முந்தின ராத்திரி தூங்கவே இல்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது, நன்றாக நினைவிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து அவரும் அவர் கூட்டாளியும் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைவர் இல்லை. சின்னம் இல்லை. கொடியை இரண்டு பேருமே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் எது நம்ம கட்சி? இந்தக் கேள்விக்குப் பெரிய பெரிய ஆட்களே பதில் சொல்ல முடியாமல் இருந்த நேரம், என் அப்பா மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அதைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். கடைசியில் அவர் எதில் குத்தினார் என்பதை எங்களிடம் சொன்னதே இல்லை. இலை திரும்பக் கிடைத்த பிறகுதான் அவர் முகம் பழைய மாதிரி ஆனது. அந்த ஆயா இளஞ்சிவப்புச் சீட்டோடு வந்து நின்றபோது எனக்கு அப்பாதான் ஞாபகம் வந்தார்.

சரி, அம்மா?

அம்மா எந்தக் கட்சி என்று எங்கள் ஊரில் யாரும் கேட்டதே இல்லை. அப்பா கட்சிதான் அம்மா கட்சி என்று எழுதாத கணக்கு. ஓட்டுக் கேட்டு வருகிற எல்லாரிடமும் "சரி, போடறோம்" என்பார். எல்லாருக்கும் தண்ணீர் கொடுப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு தடவை சமையற்கட்டில் கேட்டேன், "நீ எப்பவும் இலைதானாம்மா?" அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார், "ஒங்கப்பாவுக்கே தெரியாதத ஒனக்கு ஏன் சொல்லணும்?" அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே, "அந்தந்தத் தடவ யாரு வந்தா நல்லதுன்னு பாப்பேன். ஒரு தடவ போட்ட எடத்துல மறு தடவ போட்டதும் உண்டு, போடாததும் உண்டு" என்றார். அவ்வளவுதான், கீரையை அலசப் போய்விட்டார்.

அதைக் கேட்டு நான் அசந்துபோனேன். ஒரு கட்சிக்காரர் வீட்டில், கட்சிப் படம் மாட்டிய சுவருக்குக் கீழே, முப்பது வருஷமாக யாரையும் சாராத ஒரு வாக்காளர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்! அவருக்குச் சொந்தமாக ஒரு ரூபாய் வருமானம் கிடையாது. எந்தக் கூட்டத்திலும் பேசியது கிடையாது. இருந்தது அந்த அட்டை மறைப்பு மட்டும்தான். அதற்குப் பின்னால் அரை நிமிஷம் அவர் யாருக்கும் மனைவி இல்லை, மருமகள் இல்லை. ரகசிய வாக்கு என்று நாங்கள் பயிற்சி வகுப்பில் படிக்கிறோமே, அதன் மதிப்பு எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

எனக்குக் கல்யாணமானபோது புகுந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் சந்தோஷமாக, "நம்ம வீட்ல அஞ்சு ஓட்டு, இப்ப ஆறு" என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். நான் சிரித்து வைத்தேன். அம்மாவிடம் கற்றுக்கொண்டது.

நான் வேலை பார்த்த பள்ளிகள் பெரும்பாலும் பழைய கீழத்தஞ்சைப் பகுதி. அங்கே கதை இன்னும் அழுத்தமானது. பண்ணையாள்களைச் சவுக்கால் அடித்ததும், சாணிப்பால் கரைத்து வாயில் ஊற்றியதும் கட்டுக்கதை இல்லை, நடந்தவை. அதை நிறுத்தியது கம்யூனிஸ்ட்களின் செங்கொடிச் சங்கம். அதன் தலைவர் பி. சீனிவாச ராவ் கன்னடம் பேசும் பகுதியிலிருந்து இங்கே வந்து, சேரி சேரியாகத் தங்கி, அந்த ஜனங்களை நிமிர வைத்தார். என்னிடம் படித்த ஒரு பையனின் தாத்தா சொன்னார், "எங்கப்பா வேட்டிய முழங்காலுக்குக் கீழ எறக்கிக் கட்டுனது செங்கொடி வந்த பொறவுதான் டீச்சர். கட்சி எதுன்னு நாங்க தேர்ந்தெடுக்கல. வேற யாரு வந்தா?" 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய மண் இது. அங்கே ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகக் கதிர் அரிவாளில் குத்துகிறதென்றால், அதைப் பழக்கம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை.

"வேற யாரு வந்தா?" நான் தேடிக்கொண்டிருந்ததற்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வருவது இந்தக் கேள்விதான். கடையில் துணி எடுக்கிற மாதிரி நாலு கட்சியை விரித்துப் போட்டு யாரும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. அடி விழுந்தபோது, பிரசவத்துக்கு வண்டி கிடைக்காதபோது, பட்டா மாறாமல் தாலுகா ஆபீசுக்கு அலைந்தபோது யார் கூட வந்தார்களோ அவர்கள் கட்சி நம் கட்சி ஆகிறது. அதே மாதிரி, விட்டுப் போகிறவர்களும் பெரும்பாலும் மரியாதை போன இடத்தில்தான் விட்டுப் போகிறார்கள். மேடையில் நாற்காலி போடவில்லை, நோட்டீசில் பேர் இல்லை, சாவுக்கு வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் சின்னத்தனம் போலத் தெரியும். நாள் முழுக்க யாரும் மதிக்காத வாழ்க்கையில் நோட்டீசில் வருகிற பெயருக்கு என்ன எடை என்று பார்த்தால் அப்படித் தெரியாது.

இருக்கிற கட்சி எதுவும் வாசலுக்கு வரவில்லை என்றால் சிலர் தாங்களே கட்சி ஆகிறார்கள். 1999 வரை தேர்தலையே புறக்கணித்த இயக்கம் விடுதலைச் சிறுத்தைகள். திருமாவளவன் அரசு வேலையை விட்டுவிட்டுத்தான் அந்த வருஷம் தேர்தலில் நின்றார். 2019ல் சிதம்பரத்தில் அவர் பானைச் சின்னத்தில் 3,219 ஓட்டில் ஜெயித்தபோது, அந்த ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

கட்சியே வேண்டாம், நல்ல ஆள் போதும் என்கிறவர்களுக்கு வருகிறேன். ஊராட்சித் தலைவர் தேர்தலைக் கட்சி இல்லாமல் வைத்ததே ஊர் கட்சி கட்சியாகப் பிரியக் கூடாது என்றுதான். நல்ல எண்ணம். ஆனால் கட்சி இல்லாத இடம் காலியாக இருப்பதில்லை. தெரு வந்து உட்கார்ந்துகொள்கிறது, கோயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மதுரை மாவட்டம் மேலவளவு, கட்சி இல்லாத அதே தலைவர் பதவிதான். பட்டியல் சாதியினருக்கான தனி ஊராட்சியாக அறிவித்ததில் தலைவரான முருகேசனையும் கூட இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று ஓடுகிற பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அதே மாதிரி தனி ஊராட்சிகளான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம் தேர்தலே முறையாக நடக்கவிடவில்லை, 2006ல்தான் நடந்தது. இன்றைக்கும் "ஊர் ஒற்றுமை" என்று சொல்லித் தலைவர் பதவியைக் கோயில் வாசலில் ஏலம் விடுகிற செய்தி ஒவ்வொரு உள்ளாட்சித் தேர்தலிலும் வருகிறது. ஒற்றுமையாம்! அந்த ஏலத்தில் என் அம்மா மாதிரி ஒரு ஆளுக்கு அட்டை மறைப்பும் இல்லை, சீட்டும் இல்லை. கட்சிகளுக்குள் சாதி இல்லை என்று நான் சொல்லவில்லை, வேட்பாளர் பட்டியலைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஒரு கட்சி எதிர்த் தெருவிலும் ஓட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏலத்துக்கு அந்த அவசியம் கிடையாது.

சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாகப் போவது இன்னும் கஷ்டம். 2006ல் தளியில் ஒருவர் ஜெயித்தார். அதற்குப் பிறகு 2011, 2016, 2021 மூன்று தேர்தலிலும் தமிழ்நாட்டில் ஒரு சுயேச்சை கூட இல்லை. ஜெயித்தவர் பின்னால் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவி போய்விடும், கட்சித் தாவல் தடைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சுயேச்சை என்று ஓட்டு வாங்கினால் கடைசி வரை சுயேச்சையாக இரு என்பது எனக்குப் பிடித்த விதி. அது எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான், ஊராட்சிகளுக்குக் கிடையாது. அதனால்தான் உள்ளாட்சியில் சுயேச்சையாக ஜெயித்தவர்கள் மறுநாளே சால்வையோடு யார் வீட்டு வாசலிலாவது நிற்கிறார்கள். அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. ஒரு சாலைக்கும் ஒரு மேல்நிலைத் தொட்டிக்கும் யார் யாரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பார்த்திருக்கிறேன்.

சுயேச்சையாக நிற்பதே ஒரு போராட்டமானதும் உண்டு. 1996ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள், விவசாயிகளின் கோரிக்கையை யாரும் காதில் வாங்காத கோபத்தில். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷமே சட்டம் திருத்தி, சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், இப்போது 10,000. அங்கீகாரம் உள்ள கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பட்டியலிலும் முதலில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், அப்புறம் பதிவு மட்டும் செய்த கட்சிகள், கடைசியில்தான் சுயேச்சைகள். இதெல்லாம் சேர்ந்து ஒரு சாதாரண ஆளைப் பார்த்து, "தனியாக வராதே" என்றுதான் சொல்கிறது. 2017ல் ஆர்.கே. நகரில் குக்கர் சின்னத்தில் தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாரே, 2024ல் ராமநாதபுரத்தில் பலாப்பழத்தில் ஓ. பன்னீர்செல்வம் 3 லட்சத்துக்கு மேல் வாங்கி இரண்டாவதாக வந்தாரே என்றால், அவர்கள் சின்னத்தை இழந்த கட்சிக்காரர்கள். நான் சொல்கிற சுயேச்சை அவர்கள் இல்லை.

அப்போ நான்? கட்சி சாராதவள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது. சான்றிதழ் வேண்டுமென்றால் நானே எழுதிக் கொடுத்து நானே போய் வாங்கிக்கொள்வேன். போலீஸ் ஸ்டேஷனில் "டீச்சர், உக்காருங்க" என்பார்கள். எனக்குத் துணைக்கு யாரும் வர வேண்டியதில்லை, அதனால் எனக்குக் கட்சி தேவைப்படவில்லை. "எல்லாக் கட்சியும் ஒண்ணுதான், நான் எதிலயும் இல்ல" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது. நமக்கு வேண்டியது நம் கைக்கு வந்துவிட்டது, அதனால் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. 2019லும் 2024லும் நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியில் கூட்டணிக்காக உதயசூரியன்காரர்கள் கதிர் அரிவாளுக்கு வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார்கள். வெயிலில் போன அந்த ஜனங்களுக்கு எல்லாம் ஒன்று இல்லை.

2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தல். அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. எனக்கு வேறு தொகுதியில் டியூட்டி, ஊரில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். ஓட்டுப் போடாமல் இருக்க மாட்டேன் என்று காலையிலிருந்து அப்பா அடம். பத்து மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றதாம். எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளரின் மகன், சொந்த ஆட்டோ, முன்னால் கட்டியிருந்த கொடியைக் கழற்றிச் சுருட்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு உள்ளே வந்து, "வாங்க பெரியப்பா" என்று அப்பாவைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறான். அப்பா எதில் போடுவார் என்று அவனுக்குத் தெரியாதா என்ன, அந்த ஊரில் நாய்க்குட்டிக்கும் தெரியும். போகிற வழியில் கொடி சீட்டுக்கு அடியிலிருந்து சரிந்து அப்பா காலுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. அப்பா குனிந்து எடுத்து, தூசி தட்டி, மடித்து மடியில் வைத்துக்கொண்டாராம். கறுப்பு சிவப்பு. தாத்தா தைத்த கொடிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை அம்மாதான் எனக்குப் போனில் சொன்னார். "நீ யாருக்குப் போட்டே?" என்று கேட்டேன். "வெயிலு ஜாஸ்தி, வைக்கிறேன்" என்றார்.

அந்தத் தேர்தலுக்குச் சில நாள் முன்னால் பயிற்சி வகுப்பில் எங்களுக்குத் தபால் வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். பள்ளிக்கூட ஹாலில் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து, உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, சீட்டைப் பிரித்தால் நீளமாக ஒரு பட்டியல். எத்தனையோ தேர்தலாகத் தபால் ஓட்டுப் போட்டிருக்கிறேன், முதல் மூன்று நாலு பெயருக்குக் கீழே என் கண் போனதே இல்லை. அன்றைக்குப் போனது. சுயேச்சைகள் வரிசையில் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். அதில் ஒருவர் 10,000 ரூபாய் கட்டி, பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கி, ஏதோ ஒன்றைச் சொல்வதற்காகத்தானே இந்த வரிசையின் கடைசிக்கு வந்து நிற்கிறார், அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. மேலே போய் மறுபடி முதலிலிருந்து படித்தேன். பக்கத்து டீச்சர் எப்போதோ டிக் போட்டு, உறையை ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு வந்து என் பின்னால் நின்றார்.

"என்ன டீச்சர், இன்னுமா? சீக்கிரம் வாங்க, பஸ் போயிடும்."

"ஒரு நிமிஷம்" என்றேன், சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டு.